உறைபனிக்குப் பின் ஊரைவிட்டு இறங்கியவர்கள்: எங்கா மலைக்கிராமங்கள், 1972 முதல்

எடுத்துக்கொண்ட நிகழ்வு

பப்புவா நியூ கினியின் எங்கா மலைப்பகுதியில் 1972-ல் உறைபனி அடுத்தடுத்து விழுந்து, உயரமான கிராமங்களின் சர்க்கரைவள்ளித் தோட்டங்கள் கருகிப்போயின. அப்போது அங்கே ஆட்சி நடத்திய ஆஸ்திரேலிய நிர்வாகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மாதக்கணக்கில் உணவு கொடுக்கும் ஏற்பாட்டில் இறங்கியது. பெரிய பஞ்சச்சாவு ஏற்படவில்லை. அதனால் வெற்றி என்று எழுதி மூடிவிடக்கூடிய கோப்பு இது.

நான் அப்படிப் பார்க்கவில்லை. நிவாரணம் வருவதற்கு முன்பே அந்த மக்களிடம் உறைபனியை எதிர்கொள்ளும் முறை ஒன்று இருந்தது. அதை யாரும் விசாரிக்காமல் உணவு வந்து இறங்கியது. அதனால் என்ன ஆனது, 1997-லும் 2015-லும் அதே கிராமங்கள் எப்படித் தவித்தன என்பதைக் கால வரிசையில் இங்கே பதிவு செய்கிறேன். பேரிடர் நிவாரணத்தில் வேலை செய்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பின்னணி: இடம், பயிர், பன்றி

எங்கா இன்று தனி மாகாணம். 1972-ல் அது மேற்கு ஹைலேண்ட்ஸ் மாவட்டத்தின் ஒரு பகுதி. வெளியுலகம் இந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்ததே 1930-களில்தான். நிர்வாகம் வேரூன்றியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. 1972-ல் வயதானவர்களாக இருந்தவர்கள், வெள்ளையர் வருவதற்கு முந்தைய காலத்தில் வளர்ந்து ஆளானவர்கள். அவர்கள் கையில் இருந்த அனுபவம் பழங்கதையாகிவிடவில்லை.

நில அமைப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிழக்கே லாய் பள்ளத்தாக்கில் வாபெனமாண்டா பக்கம் சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே உறைபனி அபூர்வம். மேற்கிலும் தெற்கிலும் ஏற ஏற காண்டெப், சிருங்கி, மரியென்ட் போன்ற உயரமான சமவெளிகளும் சதுப்பு நிலங்களும் வருகின்றன. 2,200 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர்வரை. மேகமில்லாத, காற்றசையாத வறண்ட இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிக் கிண்ணம்போன்ற பள்ளங்களில் தேங்கிவிடும். அதனால் ஒரே கிராமத்தில் குன்றின் சரிவிலுள்ள தோட்டம் தப்பிக்க, அடியில் உள்ள தோட்டம் விடிவதற்குள் கருகியிருக்கும்.

இந்த உயரத்தில் மனிதருக்கும் பன்றிக்கும் சர்க்கரைவள்ளிதான் சாப்பாடு. மூன்று வேளையும் அதுதான். அமெரிக்கக் கண்டங்களில் பிறந்த இந்தக் கிழங்கு சில நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வந்தபிறகுதான், முன்பு சேம்பு சரியாக வராத உயரங்களிலும் மக்கள் நிறைந்தார்கள். ஆனால் அதன் இலை உறைபனி தாங்காது. கீழே ஐந்தாறு மாதத்தில் கிழங்கு விடும் கொடி, 2,500 மீட்டரில் எட்டு மாதம் முதல் ஒரு வருடம்வரை எடுத்துக்கொள்கிறது. விதை போட்டு வளர்ப்பதில்லை. உயிரோடிருக்கும் கொடியிலிருந்து துண்டு வெட்டித்தான் நட வேண்டும். கொடி அழிந்தால் இந்த வருடச் சாப்பாட்டோடு அடுத்த வருட நடவும் போய்விடுகிறது. இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

விளைச்சலில் பெரும் பங்கு பன்றிகளுக்குப் போகிறது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது வீண்செலவாகத் தோன்றலாம். உண்மையில் அதுதான் சேமிப்பு. சாதாரண வருடத்தில் மிஞ்சும் சிறு கிழங்குகள் பன்றியாகின்றன. பன்றி கல்யாணத்துக்கும் சண்டை நட்டஈட்டுக்கும், எங்காவின் புகழ்பெற்ற டீ என்ற பெரும் பரிமாற்றச் சடங்குக்கும் போகிறது. அதன் வழியே மேல்நிலத்துக் குடும்பத்துக்குக் கீழ்ப்பள்ளத்தாக்கில் மாமன் மச்சான் உறவுகள் உருவாகின்றன.

மக்கள் கையில் இருந்த ஏற்பாடு

1960-களில் லாய் பள்ளத்தாக்கில் தங்கி விவசாயத்தை ஆராய்ந்த புவியியலாளர் எரிக் வாடெல், 1972-ல் நடந்ததைப் பற்றிப் பின்னர் விரிவாக எழுதினார். எங்கா மக்கள் உறைபனியை எதிர்கொண்ட முறை மூன்று அடுக்காக இருந்தது என்று காட்டியவர் அவர். இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இன்றுவரை அதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் அடுக்கு தோட்டத்து மேடு. எங்காவில் சர்க்கரைவள்ளியை வரப்பிலோ பாத்தியிலோ நடுவதில்லை. மூன்று நான்கு மீட்டர் குறுக்களவுள்ள வட்ட மேடுகளில் நடுகிறார்கள். அறுவடை முடிந்த மேட்டை ஒரு பெண் நடுவில் பிளந்து, மண்ணைச் சுற்றிலும் விளிம்பாக ஒதுக்குகிறாள். நடுக்குழியில் பழைய கொடி, புல், களை எல்லாவற்றையும் அள்ளிப் போடுகிறாள். ஒரு மேட்டுக்குள் இருபது கிலோ அளவுக்குத் தழை போகும். சில வாரம் அது மட்கிய பிறகு விளிம்பு மண்ணை உள்ளே இழுத்து மூடி, கையால் கட்டி உடைத்து, வழவழப்பான முதுகாக ஆக்குகிறாள். பிறகு கொடித்துண்டுகளை வட்டவட்டமாகச் செருகுகிறாள். மட்கு உரமாகிறது. மேடு உயர்ந்திருப்பதால் குளிர்காற்று அதன்மேல் நிற்காமல் வழிந்து அடியில் தேங்குகிறது. உச்சிக்கும் அடிக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம் வந்தாலே லேசான உறைபனியில் கொடி பிழைத்துவிடும். உயரமான இடங்களில் சர்க்கரைவள்ளியை உச்சியிலும், குளிர் தாங்கும் உருளைக்கிழங்கு போன்றவற்றை அடிவிளிம்பிலும் வைப்பதற்குக் காரணம் இதுதான். இந்த வேலை முழுக்கப் பெண்களுடையது. நிவாரணப் பேச்சுவார்த்தைகளோ ஆண்களோடு நடந்தன. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது அடுக்கு, தோட்டங்களைப் பிரித்து வைப்பது. ஒரே குடும்பம் பள்ளத்தில் ஒன்று, சரிவில் ஒன்று, ஒருநாள் நடைதூரத்தில் இன்னொன்று என்று வைத்திருக்கும். ஒன்று கருகினால் மற்றொன்று கைகொடுக்கும். கொடியும் அங்கேயிருந்து கிடைக்கும்.

மூன்றாவது அடுக்குக்கு வேலை வருவது மற்ற இரண்டும் தோற்கும்போது. உறைபனி திரும்பத் திரும்ப விழுந்து, எஞ்சிய தளிரையும் கருக்கினால் குடும்பங்கள் பன்றிகளை ஓட்டிக்கொண்டு, பிலும் என்ற பின்னல் பைகளில் குழந்தைகளையும் கிழங்குகளையும் சுமந்துகொண்டு, கீழ்ப்பள்ளத்தாக்கின் உறவினரிடம் இறங்கிப்போகும். அங்கே நிலம் கேட்டு நட்டு, ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்துவிட்டு, மேலே மறுபடி பயிர் வரும் என்று தெரிந்ததும் கொடிகளோடு திரும்பும். கொண்டுபோன பன்றியில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு. அங்கே முடியும் கல்யாணங்கள் அடுத்த உறைபனிக்கான புகலிடம்.

இதில் துன்பமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1940-41 உறைபனியின்போது மேல்நிலத்தில் பலர் இறந்ததாக மக்களின் நினைவில் இருக்கிறது. வழியில் முதியவரும் குழந்தையும் சாவார்கள். போன இடத்தில் நிலத்தகராறு வரும். விலை அதிகமான முறைதான். ஆனாலும் அது ஓர் ஏற்பாடு; ஒவ்வொரு குடும்பமும் யாரிடம் போகவேண்டும் என்று அறிந்திருந்தது.

1972: கண்ணில் பட்டது

அது வலுவான எல் நினோ வருடம், அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறி இந்தப் பக்கம் மழை பொய்க்கும் வருடம். மழை குறைந்தது, இரவுகள் தெளிந்தன. வருட நடுவிலிருந்து உறைபனி தொடங்கியது. முதல் தடவையில் இலை கருகும். கொடியின் அடியில் மறுபடி தளிர் வரும். அடுத்த உறைபனி அந்தத் தளிரைப் பிடிக்கும். இப்படி அடுத்தடுத்து நடந்ததுதான் அந்த வருடத்தின் கொடுமை.

கருகிய தோட்டத்தைப் பார்ப்பவருக்கு இரண்டு தவறுகள் எளிதில் நேரும். இலை சாய்ந்து கறுத்துக் கிடப்பதைக் கண்டதும் பசி இன்றே வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. சுவை கெட்டு, நீர்கோத்து, அழுக ஆரம்பித்தாலும் சில வாரங்களுக்குத் தோண்டிச் சாப்பிட முடியும். உண்மையான பசி அது தீர்ந்தபின் வருகிறது. இரண்டாவது தவறு மறுபக்கத்தில் நேர்கிறது. மழை திரும்பித் தோட்டம் பச்சையானதும் நெருக்கடி தீர்ந்தது என்று தோன்றும். புதிதாக நட்ட கொடி கிழங்கு விட இன்னும் பல மாதம் ஆகும். வறட்சிக்குப்பின் வரும் மழையில் மண்ணில் தழைச்சத்து திடீரென்று கூடுவதால் கொடி செழிக்கும், கிழங்கு சிறுத்துவிடும். தோட்டம் பச்சைப்பசேலென்று இருக்கும்போது வீட்டில் பட்டினி. அதிகாரிகள் பார்த்து எழுதும் மதிப்பீடு இந்த இரண்டு கட்டத்திலும் ஏமாறுகிறது.

மக்கள் பழையபடி இறங்கத் தொடங்கினார்கள்.

நிர்வாகத்தின் முடிவும் அதன் காரணமும்

நிர்வாகம் நிவாரண உணவை மேல்நிலத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்க முடிவுசெய்தது. லே துறைமுகத்திலிருந்து மலைக்கு ஏறும் ஹைலேண்ட்ஸ் நெடுஞ்சாலை அதற்குச் சில வருடம் முன்புதான் வண்டிகளுக்குத் திறந்திருந்தது. முன்பு முடியாத காரியம் இப்போது முடிந்தது. முடியும் என்பதாலேயே செய்யத் தோன்றியதும் இயல்பே.

அந்த முடிவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் பன்றிகளோடு அடுத்தவர் நிலத்துக்குள் நுழைந்தால் சண்டை வெடிக்கலாம். எங்காவில் நிலத்துக்கான குலச்சண்டை கற்பனை பயமல்ல. நெருக்கிக் குவிந்த இடத்தில் வயிற்றுப்போக்கு பரவும். பசித்தவர்களைப் பார்த்துக்கொண்டு எந்த அரசும் சும்மா இருக்க முடியாது. சும்மா இருந்திருந்தால் நான் அதைக் கடுமையாகவே எழுதியிருப்பேன்.

என் மறுப்பு, உணவைக் கொடுத்த இடத்தைப் பற்றியது. உணவு கருகிய ஊரில் கிடைத்ததால், இறங்குவதற்கான காரணம் அற்றுப்போனது. கீழே உறவினர் வீட்டில் இருந்தால் பங்கு இல்லை. மேலே பதிவில் இருந்தால் பங்கு உண்டு. பன்றியோடு கீழே போய்ப் புது நிலத்தில் நட்டிருக்க வேண்டிய கைகள், வெறும் நிலத்தின் நடுவே அரிசிக்குக் காத்திருந்தன. அவர்களைத் தாங்க முன்வந்த கீழ்ப்பள்ளத்தாக்குக் குடும்பங்களை நிவாரணக் கணக்கு கண்டுகொள்ளவில்லை.

தொடர்ந்து நடந்தது

மழை திரும்பியது, தோட்டங்கள் மெல்ல மீண்டன, நிவாரணம் 1973-க்குள் நீண்டு முடிந்தது. அதே வருடம் டிசம்பரில் நாடு சுயாட்சி பெற்றது; 1975 செப்டம்பர் 16-ல் சுதந்திரம்.

தாக்கம் மெதுவாகத் தெரிந்தது. உறைபனி என்றால் கீழே உள்ள மச்சானை நினைத்தவர்கள், அடுத்தமுறை அரசாங்கத்தையும் நினைத்தார்கள். இதைச் சோம்பல் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஒரு வருடம் ஊரைவிட்டுப் போய், பிறர் நிலத்தில் குனிந்து வாழ்வதைவிட, இருந்த இடத்தில் உணவு கிடைத்தால் யாரும் அதையே தேர்ந்தெடுப்பார்கள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பயன்படுத்தாத உறவு தளர்கிறது. ஒரு தலைமுறை இறங்கிப்போகாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எந்த வாசலில் நிற்பது என்று தெரியாது. அதே வேளையில் கீழே காப்பித் தோட்டங்கள் பெருகின, மக்கள்தொகை கூடியது, இரவல் நிலம் சுருங்கியது. பழைய ஏற்பாடு தேய்ந்ததற்கு 1972 மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. அது ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1997

இருபத்தைந்து வருடம் கழித்து நூற்றாண்டின் மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று வந்தது. இம்முறை உறைபனியோடு நாடு முழுவதும் வறட்சி. வருடக் கடைசியில் கிராமப்புற மக்களில் ஐந்தில் இருவர் அளவுக்குக் கடும் உணவுத் தட்டுப்பாட்டில் இருந்ததாக ஆஸ்திரேலிய, பப்புவா நியூ கினி வல்லுநர்கள் அடங்கிய மதிப்பீட்டுக் குழுக்கள் கணித்தன. 1972-லிருந்து பெரிய வேறுபாடு இது: அப்போது மேல்நிலம்தான் முக்கியமாக அடிபட்டது, இப்போது இறங்கிப்போக வேண்டிய இடமும் காய்ந்திருந்தது.

ஆனாலும் காண்டெப், மரியென்ட் பக்கமிருந்து பலர் இறங்கினார்கள். வாபாக், மவுண்ட் ஹாகன் நகரங்களுக்கும் போனார்கள். உறவு இருந்த குடும்பத்துக்குக் கூரை கிடைத்தது. யாருமில்லாதவர்களும் நடக்க முடியாத முதியவர்களும் மேலேயே தங்கினார்கள். ஆஸ்திரேலிய ராணுவம் சாலையில்லாத இடங்களுக்கு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் அரிசி, மாவு, எண்ணெய் இறக்கியது. அங்கே அது உயிரைக் காத்தது. சாலையில்லாத கிராமத்துக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதால், 1972 பற்றிய என் மறுப்பை இங்கே நீட்ட மாட்டேன்.

நாடு முழுக்கப் பார்த்தால் பெரும்பாலோர் பிழைத்தது கடையில் வாங்கிய அரிசியால். காப்பி விற்ற காசு, நகரத்தில் வேலைபார்க்கும் உறவினர் அனுப்பிய பணம், மூட்டையாக வந்த அரிசி இவைதான் அதன் ஊற்று. இறங்கிப்போகும் பழைய உறவு, பணம் மேலேறி வரும் உறவாக உருமாறியிருந்தது. காப்பி இந்த உயரத்தில் சரியாக விளையாது. நகரத்தில் ஆளுமில்லாத மேல்நிலக் குடும்பம் இரண்டு உறவுக்கும் வெளியே நின்றது. அவர்கள்தான் மிக மோசமாக அடிபட்டார்கள்.

உறைபனிக்கு மாற்றாகப் பலர் நம்பியது உருளைக்கிழங்கு. 2003-ல் கருகல் நோய் நாட்டுக்குள் நுழைந்து அந்தப் பயிரையும் வாரிக்கொண்டு போனது.

2015-ம் அதற்குப் பிறகும்

2015 ஆகஸ்டில் அதே சமவெளிகள் மறுபடி கருகின. கைபேசி வந்திருந்ததால் செய்தி உடனே பரவியது. உலக உணவுத் திட்டம் 2016 தொடக்கத்தில் தொலைபேசி வழியாகவே உணவு நிலை குறித்து ஆய்வு நடத்தியது. அரசும் தேவாலயங்களும் அரிசி அனுப்பின. கேள்வி மட்டும் 1972-ல் கேட்டதேதான்: ஊருக்கு எத்தனை மூட்டை?

இன்று இறங்கும் பாதையை மறிப்பது இன்னொன்று. எங்காவின் குலச்சண்டைகள் துப்பாக்கிச் சண்டைகளாகிவிட்டன. புகலிடப் பள்ளத்தாக்கான வாபெனமாண்டா பக்கத்திலேயே 2024 பிப்ரவரியில் பல பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். எதிரிக் குலத்தின் நிலத்தைத் தாண்டி மச்சான் வீட்டுக்குப் பன்றியை ஓட்டிக்கொண்டு போக முடியாது.

எல்லைக்கு மேற்கே, இந்தோனேசியப் பப்புவாவின் மலைகளிலும் இதுதான் நிலை. லன்னி ஜயா மாவட்டத்தின் குயாவாகேயில் 2022-லும், புஞ்சாக் மாவட்டத்தின் அகண்டுகுமேயில் 2023-லும் உறைபனியும் வறட்சியும் கிழங்கை அழித்து, சிலர் இறந்தார்கள். உணவு கொண்டுபோன விமானங்களை மேகமும் ஆயுதமோதல் அச்சமும் தடுத்தன.

மாற்ற வேண்டியவை

உயரமான மலைக்கிராமத்தில் உறைபனி விழுந்தால் மதிப்பீட்டுக் குழு கேட்க வேண்டிய முதல் கேள்வி, “போனமுறை யாரிடம் போனீர்கள், இப்போது போக முடியுமா?” என்பது. அதைப் பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். மேட்டைக் கட்டுபவர்கள் அவர்கள். கல்யாணமாகி வந்த வீடும் பிறந்த வீடும் சேர்ந்து புகலிடங்களை அவர்களே நன்கு அறிவார்கள்.

போக முடியும் என்றால், பங்கில் ஒரு பகுதி கீழே ஏற்றுக்கொண்ட குடும்பத்துக்குப் போக வேண்டும். பத்துப் பேரை வீட்டில் சேர்த்துக்கொண்டவரின் தோட்டமும் ஆறு மாதத்தில் காலியாகிவிடும். தகராறு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. போக முடியாதவர்களுக்கு, அதாவது முதியோர், நோயாளிகள், பாதை மறிக்கப்பட்ட குலங்களுக்கு, மேலேயே கொடுக்க வேண்டும். அவர்களுக்கு முதல் மாதத்தைவிட மூன்றாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம்வரை தேவை அதிகம். தோட்டம் பச்சையானதும் நிவாரணத்தை நிறுத்தக் கூடாது.

கொடி விஷயம் இன்னும் அவசரமானது. மழை வந்தவுடன் நட்டால் ஒரு வருடத்தில் கிழங்கு. கொடி கிடைக்க நான்கு மாதம் தாமதமானால் பசியும் நான்கு மாதம் நீளும். கீழேயிருந்து லாரியில் கொடி ஏற்றி அனுப்பினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். வெட்டிய கொடி சில நாளில் வாடிவிடும். 1,500 மீட்டரில் நன்றாக விளையும் ரகம் 2,500 மீட்டரின் குளிரில் கிழங்கு விடுமென்று நம்பவும் முடியாது. ஆகவே மேல்நில ரகங்களை, உறைபனி தேங்காத சரிவுகளில், அந்தந்தக் குலத்தின் சொந்த நிலத்திலேயே நல்ல வருடங்களில், நடவுக்குக் கொடி வெட்டிக்கொள்ளும் தாய்த்தோட்டமாக வளர்த்து வைக்க வேண்டும். எந்தச் சரிவில் பனி தேங்காது என்பது அங்குள்ள பெண்களுக்குத் தெரியும். வேலியடைக்க ஆண்கள் இருக்கிறார்கள். அதற்கு வேண்டிய பணம், ஒருதடவை ஹெலிகாப்டரில் அரிசி இறக்கும் செலவோடு பார்த்தால் மிகச் சிறியது. எல் நினோ அறிவிப்பு வந்த மாதத்தில் கொடுத்தாலும் தாமதமாகிவிடும், அதற்கு முந்தைய வருடங்களில் கொடுக்க வேண்டும்.